என் நட்சத்திரத்தில் ஒரு நாய்

1

தைப்பிங்கில் மத்தியானம் ஆனால் மழை வந்துவிடும். திருமயம் பக்கத்து எங்கள் ஊர்க் கண்மாய் வானத்தைப் பார்த்துக் காய்ந்து கிடக்க, இந்த ஊர் கேட்காமலே நனைகிறது. அதைப் பார்த்துப் பொறாமைப்படுவது என் அன்றாட வேலைகளில் ஒன்று. நான் பொறாமை பிடித்தவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வீட்டுச் சீனத்தியின் அகலமான அடுப்படி, ஊரில் என் தம்பி பெண்டாட்டியின் ஐந்து பிள்ளைகள், நினைத்தபோது பிறந்த வீட்டுக்கு வண்டி கட்டிக்கொண்டு போகிறவர்கள், எல்லாமே என் கண்ணை உறுத்தும். ஆனால் ஒரு நாயைப் பார்த்து வயிறெரிவேன் என்று நான் நினைத்ததில்லை.

அந்த நாய் இப்போது என் நாற்காலிக்கு அடியில்தான் படுத்திருக்கிறது. அதற்கு ஆபரேஷன் நடந்து இன்றோடு ஒரு வருஷம். காலையில் என் மகள் அலமு அதன் கழுத்தில் சிவப்பு ரிப்பன் கட்டி, இங்கிலீஷில் வாழ்த்துச் சொல்லி, நெற்றியில் முத்தமும் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாள். என் வயிற்றிலும் ஓர் ஆபரேஷன் தழும்பு உண்டு. அதற்கு எந்த வருஷமும் யாரும் ரிப்பன் கட்டியதில்லை. அந்த எரிச்சலில்தான் பேனாவை எடுத்தேன்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு, நாய்க்கு ஆபரேஷனா என்று சிரிப்பு வரும். சிரித்து முடித்துவிட்டு மேலே படியுங்கள்.

2

என் வீட்டுக்காரர் இங்கே ஒரு கிட்டங்கியில் ஏஜண்டாக இருக்கிறார். கிட்டங்கி என்றால் எங்கள் செட்டிமார் வட்டித் தொழில் செய்யும் இடம். எங்களைப் போன்ற பல குடும்பங்களுக்கு அதுவே வீடும் கூட. ஒருநாள் சாயந்திரம் அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு குட்டியை எடுத்துத் தரையில் விட்டார். மழையில் கால்வாய் ஓரம் கிடந்ததாம். பழுப்பு நிறம், ஒரு காது மட்டும் நிமிர்ந்திருந்தது. வீட்டுக்கு வந்தால் "காப்பி" என்ற ஒரு சொல்லுக்கு மேல் பேசாத மனிதர், அன்றைக்கு அந்தக் குட்டியிடம் அரைமணி நேரம் பேசினார்.

அலமு அதற்கு லக்கி என்று பேர் வைத்தாள். எங்கள் வாயில் அது இரண்டே நாளில் லெச்சி ஆகிவிட்டது. அங்கேதான் எனக்குச் சிக்கல். என் மாமியார் பேர் லெட்சுமி. ஊரில் எங்கள் வளவு வீட்டில் எல்லோரும் அவர்களை லெச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்தில் மாமியார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது. பூசை அறையில் இருக்கும் லெட்சுமி படத்தையே நான் "தாமரையில இருக்கிறவுக" என்றுதான் சொல்வேன். எழுதினால் குற்றமில்லை என்று நானே வைத்துக்கொண்டதால் இங்கே எழுதுகிறேன்.

ஆக, வீட்டில் எல்லோரும் பேர் சொல்லிக் கூப்பிட்டால் அது ஓடிவரும். நான் "ஏய்" என்பேன். அது திரும்பிக்கூடப் பார்க்காது. சோறு போடுகிறவள் நான், வாலாட்டுவது அவர்களிடம். அலமு அதனோடு மலாயில் பேசுவாள். நான் நடுவில் ஏதாவது கேட்டால், "ஒங்களுக்குப் புரியாதும்மா" என்பாள். நாய்க்குப் புரிந்தது எனக்குப் புரியாது என்று என் மகளே சொல்லக் கேட்டவள் நான்.

3

குட்டிக்கு ஆறு மாதம் ஆனபோது, தெருவில் கடுவன் நாய்கள் வந்து வாசலில் படுக்க ஆரம்பித்தன. எங்கள் ஊரில் இதை ஒரு பொருட்டாக யார் நினைத்தார்கள்? வண்டிக்கொட்டகையில் குட்டி போடும், பாதி பிழைக்கும், பாதி போகும். இங்கேயோ, நாய் குட்டி போட்டால் தாயையும் சேர்த்து வெளியேற்ற வேண்டும் என்று கிட்டங்கிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். ஆகவே கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

வாசலில் இருந்த மலாய்க்காரக் குமாஸ்தா, அட்டையில் எழுதுவதற்காக "பங்சா அப்பா?" என்று கேட்டான். என்ன இனம் என்று அர்த்தம். பதினைந்து வருஷமாக ஒவ்வொரு ஆபீசிலும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய என் வீட்டுக்காரர், யோசிக்காமல் "செட்டி" என்றார். அவன் நாயைத்தான் கேட்டிருக்கிறான். அப்படியே எழுதிக்கொண்டான். மாமியார் பேரோடு சேர்த்து இப்போது சாதியும் அதற்குக் கிடைத்துவிட்டது.

டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர். நரைத்த மீசை, சிறிய கைகள். குட்டியை மேசைமேல் நிறுத்தி வயிற்றைத் தடவிப் பார்த்தார்.

"நல்ல வயசு. நலமடிச்சுவிடலாம்" என்றார்.

"நலம்னா நல்லதுதானுங்களே" என்றார் என் வீட்டுக்காரர்.

டாக்டர் சிரித்தார். "உங்கட பக்கத்திலை காயடிக்கிறது எண்டு சொல்லுவினம். எங்கட ஊரிலை நலமடிக்கிறது. அது கடுவனுக்குச் சொல்லுற சொல்லு. பெட்டைக்கெண்டு ஒரு சொல்லு எனக்குத் தெரியாது. அதாலை இதையே சொல்லுறன். உள்ளுக்கை இருக்கிற கருப்பையை எடுத்துவிடுறது."

ஊரில் காளைக்குக் காயடிக்கும் நாளில் பெண்கள் பின்கட்டுக்குப் போய்விடுவோம். பெட்டைக்கு அப்படி ஒன்று நடப்பதே இல்லை என்பதால்தான் அதற்குச் சொல் இல்லை. ஆனால் எனக்கு நடந்திருக்கிறது. அதற்கு என்ன பேர் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

என் வீட்டுக்காரர் கேட்க ஆரம்பித்தார். அவர் அத்தனை கேள்வி கேட்டு நான் பார்த்ததே இல்லை.

"சின்ன உசிருங்க. தாங்குமா?"

"சின்னதெண்டபடியால்தான் தாங்கும். கொழுப்புக் குறைவு, ரத்தம் போறதும் குறைவு. காயம் கெதியிலை ஆறும். வயசு போன நாய்க்குச் செய்யிறதுதான் எனக்குப் பயம்."

"ஒரு ஈத்துக் குட்டி போடட்டும், பெறகு செய்யலாம்னு சொல்றாங்களே. தாயாகாமலே எடுத்துட்டா அதுக்கு ஏக்கம் வந்துராதுங்களா?"

"அது மனிசற்ரை கவலை, ஐயா. நாய்க்கு அப்பிடி ஒண்டும் இல்லை. இந்த இளம் வயசிலையே செய்தால் பிறகு மடியிலை கட்டி வாறது குறைவு, கருப்பையிலை சீழ் பிடிக்கிற வருத்தமும் வராது."

"எந்திரிச்சுருமுல்ல?"

"அங்கைதான் கவனம் வேணும்" என்று டாக்டர் விரலை உயர்த்தினார். "ஆபத்து கத்தியிலை இல்லை, மயக்கத்திலைதான். வெறும் வயித்தோடை கொண்டு வாங்கோ. ராத்திரியிலையிருந்து ஒண்டும் குடுக்கப்படாது. வயித்திலை ஏதும் கிடந்தால் மயக்கத்திலை சத்தி எடுக்கும். அது மூச்சுக்குழலுக்குள்ளை போனால் காப்பாத்த ஏலாது." வாந்தியைத்தான் அவர் சத்தி என்றார். முதலில் என் வீட்டுக்காரருக்கு விளங்காமல், அதையும் திருப்பிக் கேட்டுத் தெரிந்துகொண்டார்.

வலிக்குமா, தையல் எத்தனை நாளில் பிரிப்பார்கள், தழும்பு தெரியுமா, எப்போது ஓடலாம், என்ன சாப்பிடக் கொடுக்கலாம், எல்லாம் கேட்டார். நான் சுவரில் இருந்த மாட்டுப் படத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அந்த மேசைமேல் இருந்த நாயாக நான் இருந்திருக்கக் கூடாதா என்று எனக்குத் தோன்றியது. வெட்கமாக இருந்தாலும் தோன்றியது அதுதான்.

4

என் கதை இதுதான். அந்தக் காலத்தில் கணக்கு என்று சொல்லும் மூன்று வருஷத் தவணைக்கு ஆண்கள் மட்டும் கப்பல் ஏறுவார்கள். பெண்டாட்டிகள் ஊரில் இருப்போம். அலமுவுக்கு இரண்டு வயது. அவர் விட்டுப்போன கர்ப்பம் எனக்கு நிறைமாதம். இடுப்புவலி வந்து இரண்டாம் நாளும் பிள்ளை வெளியே வரவில்லை. பக்கத்து வளவுக்காரர் காரில் என்னைப் போட்டுப் புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியில் திருமயம் கோட்டை தெரிந்தது நினைவிருக்கிறது. அதற்குப் பிறகு எதுவும் நினைவில்லை.

கண் விழித்தபோது நாக்கு வறண்டு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் கேட்டேன். நர்சம்மா தரவில்லை. பஞ்சை நனைத்து உதட்டில் ஒற்றிவிட்டு, "ஒங்களக் காப்பாத்துனதே பெரிசுங்க" என்றார். பிள்ளை இல்லை. ஆண் பிள்ளையாம். ரத்தம் நிற்காததால் கருப்பையையும் எடுத்துவிட்டார்கள்.

ஊரிலிருந்து அவருக்குத் தந்தி போயிற்று, கடுதாசியும் போயிற்று. அவரிடமிருந்து வந்த பதிலும் எப்போதும் போலவே தொடங்கியது: நலம், நலமறிய ஆவல். நடந்தது நடந்துவிட்டது, உடம்பைப் பார்த்துக்கொள் என்று ஒரு வரி. அடுத்த வரியில், பசு கன்று போட்டதா என்று கேட்டிருந்தார்.

கணக்கு முடிந்து ஊருக்கு வந்தபோது பட்டுப்புடவை கொண்டுவந்தார், அலமுவுக்குப் பொம்மை கொண்டுவந்தார். கேட்கவில்லை. பிறகு எங்களையும் இங்கே கூட்டிக்கொண்டு வந்தார். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் கேட்கவில்லை. கெட்ட மனிதர் என்று நான் சொல்லமாட்டேன். கைநீட்டியதில்லை, குரல் உயர்த்தியதில்லை, பிள்ளை இல்லாமல் போனதற்கு ஒரு சொல் குத்தியதில்லை. கேட்கவில்லை, அவ்வளவுதான். கேட்கத் தெரியாத மனிதர் என்று நினைத்துத்தான் நானும் மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். நாயால்தான் தெரிந்தது, அவருக்குக் கேட்கத் தெரியும்.

5

ஆபரேஷன் அன்று விடியற்காலையில் அவர் குளித்து, விபூதி பூசி, தண்டாயுதபாணி கோயிலுக்குப் போனார். திரும்பி வந்தபோது கையில் ஒரு பித்தளைச் செம்பு. எதற்குப் போனீர்கள் என்று கேட்டேன்.

"லெச்சி பேருக்கு அர்ச்சனை பண்ணினேன்" என்றார்.

"நாய்க்கா?"

"நாய்னு சொல்லலை. பண்டாரம் நட்சத்திரம் கேட்டாரு. அது எப்பப் பொறந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்? ஒன் நட்சத்திரத்தைச் சொல்லிட்டேன். அனுஷம்."

பேர் என் மாமியாருடையது, சாதி எங்களுடையது, கடைசியில் எனக்கென்று மிச்சம் இருந்த நட்சத்திரத்தையும் எடுத்து அதற்குக் கொடுத்துவிட்டார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எங்களைப் பார்த்ததும், "பெட்டை எங்கை?" என்றார். "இந்தா இருக்குங்க" என்று நான் நாயைக் காட்டினேன். முதல் தடவை எங்களோடு வந்திருந்த அலமுவைக் கேட்டிருக்கிறார். யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளையையும் பெட்டை என்பார்களாம். எங்கள் பக்கத்தில் அப்படிச் சொன்னால் சண்டை வந்துவிடும். அவர் சிரித்தார், நான் சிரிக்கிற நிலையில் இல்லை.

மயக்க ஊசியைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் கேட்டார். "ஏதும் குடுத்தனீங்களோ?"

"ராத்திரியிலருந்து பச்சத்தண்ணி குடுக்கலைங்க" என்றார் என் வீட்டுக்காரர்.

பொய் சொல்லுகிற ஆள் இல்லை அவர். மனசார அப்படித்தான் நினைத்தார். ஆனால் நான் பார்த்திருந்தேன். கிளம்புவதற்கு முன் அந்தப் பித்தளைச் செம்பிலிருந்த அபிஷேகப் பாலைக் குழிந்த கையில் ஊற்றி, அது நக்கி முடிக்கும்வரை குனிந்தே நின்றார்.

"பால் குடிச்சிருக்குங்க" என்றேன்.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். "அது பிரசாதம், மீனா. பிரசாதத்தைப் போய்ச் சாப்பாடுங்குறியே."

"முருகன் வயித்துக்குப் போனா பிரசாதம். நாய் வயித்துக்குப் போனா பால்தான்" என்றேன்.

"அம்மா சொன்னது நல்லதாப் போச்சு" என்றார் டாக்டர். "இப்ப ஊசி போட்டிருந்தால் பெரிய கரைச்சல். நாளைக்குக் கொண்டு வாங்கோ. சாமியின்ரை பாலும் வேண்டாம்."

வீட்டுக்குத் திரும்பும்போது அவர் காரை மெதுவாக ஓட்டினார். நாய் பின்சீட்டில் நின்று அவர் தோளில் மூஞ்சியை வைத்திருந்தது. "நல்லவேளை, நீ சொன்னே. என் கையாலயே கொன்னுருப்பேன்" என்று இரண்டு தடவை சொன்னார். அவர் குரல் நடுங்கியது. அந்த நடுக்கத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

"என்னையக் கொண்டுபோனப்ப யாரு அர்ச்சனை பண்ணினா?" என்றேன்.

அவர் கியரை மாற்றினார்.

"வலிக்குமா, தழும்பு தெரியுமான்னு இந்த நாய்க்குக் கேட்டீங்களே. எனக்கு எந்த மாசம் நடந்துச்சுன்னாவது ஒங்களுக்குத் தெரியுமா? ஒரு நாளாவது கேட்டீங்களா?"

"அப்ப நான் இங்க இருந்தேன். யாருகிட்டக் கேக்குறது?"

"பெறகு வந்தீங்கல்ல. எங்கிட்டக் கேக்குறது."

கார் வீட்டு வாசலில் நின்றது. அவர் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். நான் இறங்கி உள்ளே போய் அரிசி களைந்தேன். அன்று முழுக்க அந்த நாய் மட்டும் இரண்டு பேருக்கும் நடுவில் போய்ப் போய் வந்தது.

6

மறுநாள் அதை நான் என் மடியிலேயே வைத்துக் கொண்டுபோனேன். பாசத்தால் இல்லை. அவர் கை அதன் வாய்க்குப் பக்கத்தில் போகாமல் பார்த்துக்கொள்ளத்தான். வெறும் வயிறு சுருங்கிக் கிடந்தது. என் கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்தது. பயம் அதற்கும் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே கொண்டுபோய்க் கொஞ்ச நேரத்தில் டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். எல்லாம் சரியாக முடிந்தது, ரத்தம் அதிகம் போகவில்லை என்றார். அலமு பள்ளிக்கூடத்தில் இருந்தாள். நாங்கள் இரண்டு பேரும் நாய் கண் விழிக்கக் காத்திருந்தோம். மத்தியான மழை வந்து நின்றும் போயிற்று. அது விழிக்கவில்லை.

டாக்டர் வந்து கண்ணிமையைத் தூக்கிப் பார்த்தார். பஞ்சை நனைத்து அதன் நாக்கில் ஒற்றினார். அந்தப் பஞ்சைப் பார்த்ததும் எனக்கு உதடு வறண்டுவிட்டது.

"கொஞ்சம் சுணங்குது. பேரைச் சொல்லிக் கூப்பிடுங்கோ. பழகின குரல் கேட்க வேணும்" என்றார்.

என் வீட்டுக்காரர் குனிந்தார். வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது. பக்கத்து ஊர்க்காரர்களெல்லாம் கல்லுமாதிரி ஆள் என்று சொல்லும் மனிதர், ஒரு நாய்க்கு முன்னால் வாயைத் திறந்தபடி நின்றார். எனக்கு ஆத்திரமாகவும் இருந்தது, பாவமாகவும் இருந்தது. அவரை ஒதுக்கிவிட்டு நான் குனிந்தேன்.

"ஏய்" என்றேன். அது அசையவில்லை. நான் ஏய் என்று கூப்பிட்டு அது என்றைக்கு அசைந்தது?

ஊரில் இருக்கும் என் மாமியாரை மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டேன். "லெச்சி" என்றேன். "அடியே லெச்சி, எந்திரி. வயித்தைக் கீறிட்டுப் படுத்தே கெடந்தா ஆச்சா? எல்லாரும் எந்திரிச்சவுகதான். எந்திரி."

நிமிர்ந்த காது ஒரு தடவை துடித்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, வேறு யாரையும் பார்க்காமல், என்னைப் பார்த்தது.

"எங்காத்தாள அடியேங்குறியே" என்றார் என் வீட்டுக்காரர். மூக்கை உறிஞ்சிக்கொண்டே சிரித்தார். நானும் சிரித்துவிட்டேன். அவர் அதன் வயிற்றில் இருந்த தையலைப் பார்த்தார். சின்னத் தையல், ஒரு விரல் நீளம்கூட இருக்காது.

"என்னோடது இதைவிடப் பெரிசு" என்றேன்.

"தெரியும்" என்றார்.

7

நாயை அலமுவிடம் விட்டுவிட்டு, சாயந்திரம் கோயிலுக்குப் போகலாம் வா என்றார். நன்றி சொல்லப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு போனேன். போகும்போதே எனக்கு மறுபடியும் புகைய ஆரம்பித்துவிட்டது. கண் விழித்தாயிற்று, இன்னும் என்ன அதற்கு.

பூசை செய்யும் பண்டாரம் தட்டை வாங்கிக்கொண்டார். "போன காரியம் நல்லபடியாங்க அண்ணே? அதே பேரு, அதே நட்சத்திரந்தானே? லெச்சி, அனுஷம்."

"நட்சத்திரம் அதேதான்" என்றார் என் வீட்டுக்காரர். "பேர மாத்துங்க. மீனாட்சி."

பண்டாரம் என்னைப் பார்த்தார். "ஆச்சிக்கு என்னங்க? ஒடம்புக்குச் சரியில்லையா?"

"ஆபரேஷன்."

"அடடா. எப்பங்க?"

"தை மாசம். பூசத்துக்கு முந்துன வாரம். எம் மகளுக்கு அப்ப ரெண்டு வயசு."

பண்டாரம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு விழித்தார். அலமு போன வாரம் இதே கோயிலில் பாவாடை தாவணி கட்டிக்கொண்டு நின்றதை அவர் பார்த்திருக்கிறார். "அது நடந்து முடிஞ்சு எத்தனையோ வருஷமாச்சேண்ணே. இப்ப எதுக்கு?"

"அப்பப் பண்ணலை" என்றார்.

பண்டாரம் தட்டோடு உள்ளே போனார். மீனாட்சி, அனுஷ நட்சத்திரம் என்று அவர் சொல்லும்போது என் வீட்டுக்காரர் கையைக் கூப்பிக்கொண்டு நேரே பார்த்தபடி நின்றார். பிறகு என் பக்கம் திரும்பாமலே, மெதுவான குரலில் கேட்டார்.

"ரொம்ப வலிச்சுச்சா?"

"வலிச்சுச்சு" என்றேன்.

நான் அழவில்லை என்று எழுத ஆசைதான். அழுதேன். தூணைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் பக்கத்திலேயே நின்றார். பையனுடைய முகத்தை நான் பார்த்தேனா என்று கேட்டார். பார்க்கவில்லை, யாரும் காட்டவில்லை என்றேன்.

பண்டாரம் அபிஷேகப் பாலைச் செம்பில் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். வெதுவெதுப்பாக இருந்தது. என் வீட்டுக்காரர் செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். தயங்கித் தயங்கி, "இப்பக் குடுக்கலாமுல்ல? லெச்சிக்கு ஒரு வாய் வையி மீனா" என்றார்.

"அதுக்கு நேத்தே குடுத்தாச்சு" என்று சொல்லிவிட்டு, கோயில் வாசலிலேயே நின்று ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் நான் குடித்தேன்.